மீட்டர் புத்தகத்தில் ஒரு சேரக்கோழி

"25.1.1976, ஞாயிறு. குள்ளத்தாரா: முன் 0, இப்போது 40, வித்தியாசம் 40. இலைக்கோழி: முன் 0, இப்போது 6, வித்தியாசம் 6. நீர்க்காக்கை: முன் 3, இப்போது 22, வித்தியாசம் 19. சேரக்கோழி: முன் 1, இப்போது 14, வித்தியாசம்"

அவ்வளவுதான். கடைசி வரியில் வித்தியாசத்துக்கு நேரே எண் இல்லை. பதினாலில் ஒன்று போனால் எத்தனை என்று அம்மாவுக்குத் தெரியாமல் இல்லை. வேண்டுமென்றே விட்டு வைத்தாள். அதற்கப்புறம் அந்தப் புத்தகத்தில் அவள் எதுவும் எழுதவில்லை. மீதி நாற்பத்தோரு பக்கங்கள் காலி. எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

புத்தகம் என்றால், கரண்ட் மீட்டர் பார்க்க வருகிறவர் கையில் வைத்திருப்பாரே, அந்த நீளவாக்குப் புத்தகம். அப்பா தேயிலை மலைமேல் இருக்கும் சித்திரபுரத்தில் மின்சார வாரிய ஆபீஸில் குமாஸ்தா. ஆபீஸில் பழசாகிக் கழித்துப் போட்ட ஒன்றை அம்மா வாங்கி வைத்துக்கொண்டாள். முன் ரீடிங், இப்போதைய ரீடிங், வித்தியாசம் என்று அச்சடித்த மூன்று பத்திகள். யூனிட் எழுத வேண்டிய இடத்தில் அம்மா பறவைகளை எழுதினாள். வாரியக் குவார்ட்டர்ஸின் சமையலறை ஜன்னலில் கொண்டைக்குருவி போன மாதம் எத்தனை, இந்த மாதம் எத்தனை. நான் எதற்கும் தேதி போட்டு எழுதி வைக்கிற ஆளாக ஆனது அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான். அப்போது எனக்குப் பதினோரு வயது. அக்காவுக்குப் பதினாலு.

அம்மா இப்படி எழுதியது தனக்காக மட்டும் இல்லை. அவளுக்கு ஒரு தங்கை, எங்கள் சித்தி. நாலு வயது சின்னவள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டு, பாலக்காட்டுக் கல்பாத்தியில் ஒரு மாமி வீட்டின் பின்கட்டில் தனியாகக் குடியிருந்து, பள்ளிக்கூட டீச்சராக வேலை பார்த்தாள். பதினைந்து நாளைக்கு ஒரு கார்டு வரும். பாதியில் ஊர்ச் சமாசாரம், மீதிப் பாதியில் ஆற்றங்கரையில் பார்த்த பறவைகள். அம்மாவின் பதில் கார்டிலும் அதே கணக்கில் இரண்டு பாதி.

இரண்டு பேருக்கும் ஒரு பழைய சண்டை இருந்தது. அம்மாவுக்குப் பதினைந்து வயதிருக்கும்போது, கல்பாத்தி ஆற்றின் நடுப்பாறையில் ஒரு கறுப்புப் பறவை சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டு நின்றதாம். சித்தி அதைச் சேரக்கோழி என்றாள். மலையாளத்தில் சாரைப்பாம்புக்குச் சேர என்று பெயர், அது மாதிரி நீண்ட கழுத்து இருப்பதால் சேரக்கோழி. நம் புத்தகங்களில் பாம்புத்தாரா என்று இருக்கும். அம்மா அதை வெறும் நீர்க்காக்கை என்றாள். பறவை பறந்து போய்விட்டது. சண்டை போகவில்லை. "உன்னோட நீர்க்காக்கைக்கு அத்தனை நீளக் கழுத்தை யார் குடுத்தா?" என்று சித்தி எழுதுவாள். "டீச்சர் சொன்னா ஒண்ணாங்கிளாஸ் பசங்க நம்பட்டும்" என்று அம்மா எழுதுவாள். இருபத்து மூன்று வருஷம் இப்படி. அம்மா அதற்கப்புறம் ஒரு சேரக்கோழியைக்கூடப் பார்க்கவில்லை, எங்கள் மலையில் அதற்கு இடமும் இல்லை. ஆகவே அவள் கட்சியை யாரும் அசைக்க முடியவில்லை.

ஆபீஸ் ஊழியர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு வேனில் எங்காவது போய் வருவார்கள். மலையடிவாரத்து ஆற்றில் தடுப்பணைக்கு மேலே தண்ணீர் தேங்கிச் சதுப்பாகிப்போன ஓர் இடம் உண்டு. சுடக்கூடாது என்று பலகை வைத்து, ஒரு வாச்சரைப் போட்டுப் பறவைகளைக் காத்துவந்தார்கள். அங்கே சேரக்கோழி கூட்டமாக இருக்கிறது என்று லைன் இன்ஸ்பெக்டர் சொல்லி அம்மாவுக்குத் தெரியும். 1975லேயே அங்கே போவதாக இருந்தது. முந்தின நாள் சாயங்காலம், கட்டுச்சாதத்துக்குப் புளி கரைத்து வைத்திருந்தபோது, அப்பாவின் பங்காளி ஒருவர் தவறிப்போனதாகக் கடிதம் வந்தது. பத்து நாள் தீட்டு. அம்மா புளிக்கரைசலைக் கொல்லையில் கொட்டினாள். அதை அப்பா பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை, ஆனால் எதையும் மறக்கிறவரும் இல்லை.

அடுத்த வருஷப் பயணம் ஜனவரி 25 என்று முடிவாயிற்று.

22ஆம் தேதி, வியாழக்கிழமை, பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் தபால்காரர் என் கையில் ஒரு நீல இன்லண்ட் லெட்டரைக் கொடுத்தார். அப்பா பெயருக்கு வந்திருந்தது. பாலக்காட்டு முத்திரை, தெரியாத கையெழுத்து, பின்பக்கம் அனுப்பியவர் பெயர் இல்லை. ஒரு மூலையில் கறுப்பாக ஏதோ தடவியிருந்தது. நம் வயதுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சின்னவர்கள் யாராவது படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். சாவுச் சேதி எழுதும் கடிதத்தின் மூலையில் கறுப்பு மை தடவி அனுப்புவது வழக்கம். அதை வீட்டுக்குள் கொண்டுபோகாமல் வாசலில் நின்று படித்து, அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டுக் குளிக்க வேண்டும். நான் அதை ஓரத்தில் பிடித்துக்கொண்டு ஆபீஸுக்கே போய் அப்பாவிடம் கொடுத்தேன்.

கல்பாத்தியில் அப்பாவின் பெரியப்பா எண்பத்து நாலு வயதில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். ரொம்ப நாள் தாங்காது என்று மார்கழியில் ஒரு கார்டு வந்திருந்தது. அப்பா கடிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிரிக்கவில்லை. பக்கத்து மேஜை ஸ்டோர்கீப்பர், அவரும் பாலக்காட்டுக்காரர், எட்டிப் பார்த்தார்.

"பெரியப்பாவா?"

"வேற யாரு. ஞாயித்துக்கெழமை வேன்."

ஸ்டோர் மாமா கொஞ்சம் யோசித்தார். "பிரிச்சேளா?"

"இல்லை."

"பின்னே என்ன. காதுல விழற வரைக்கும் தீட்டு கெடையாது. எண்பத்தினாலு வயசு. மூணு நாள் கழிச்சுக் கேட்டுண்டா மனுஷன் கோச்சுக்கவா போறார்?"

அப்பா சிரித்தார். அப்பா ஆபீஸில் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். வீட்டுக்கு நடக்கும்போது என்னிடம், "அம்மா கிட்டே சொல்லாதே. போன வருஷம் மாதிரி ஆக வேண்டாம்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு நல்ல காரியத்துக்காக என்னை நம்பி ஒரு ரகசியம் சொல்லியிருக்கிறார் என்று நினைத்தேன். அப்படிப்பட்ட கடிதத்தை வீட்டுக்குள் வைக்கக்கூடாது என்பதால் அப்பா அதைக் கொல்லையில் விறகுக் கொட்டகையின் தகரக் கூரைக்கும் கழிக்கும் நடுவில் செருகி வைத்தார். அக்காவுக்குக்கூடத் தெரியாது.

வெள்ளியும் சனியும் வீடு கலகலவென்று இருந்தது. அம்மா மிளகாய்ப்பொடி இடித்தாள், மீட்டர் புத்தகத்துக்குப் புதிதாக அட்டை போட்டாள், எங்கள் இருவருக்கும் ஸ்வெட்டரில் பித்தான் தைத்தாள். அப்பா லைன் செக்‌ஷனிலிருந்து பைனாகுலர் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். மலைமேல் நிற்கும் டவர்களில் பீங்கான் உடைந்திருக்கிறதா என்று கீழிருந்து பார்ப்பதற்கு வாரியம் வைத்திருந்தது அது. தோல் உறையில் கிரீஸ் வாசனை. ஒரு கண்ணாடியில் பூஞ்சை பிடித்திருந்தது. அம்மா அதை எடுத்து ஜன்னல் வழியாக எதிர்மலைத் தேயிலையைப் பார்த்தாள். "ஒரு கண்ணு போறும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழேகாலுக்கு வேன் கிளம்பியது. டிரைவர் எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவர், திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. அம்மா பைனாகுலரை மடியில் வைத்திருப்பதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "யக்கா, கொக்கு பாக்கவா இம்புட்டு தூரம்? எங்க லயத்துக்குப் பின்னால வந்திருந்தா சும்மாவே நிக்குமே" என்றார்.

"உங்க லயத்துக் கொக்கு எங்கேயும் போகாது. அதை அடுத்த வருஷம் பாத்துக்கறேன்" என்றாள் அம்மா. வேனே சிரித்தது. அம்மா நாலு பேர் நடுவில் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

ஒன்பதரைக்கு அடிமாலியில் டீக்கு நிறுத்தினார்கள். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். அம்மா கையைக் குவித்து டம்ளரைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றாள்.

சதுப்புக்குப் போய்ச் சேரும்போது பதினொன்று. முதலில் வந்தது வாசனைதான். அழுகின கோரை, நத்தை ஓடு, வெயில் பட்ட சேறு. மூன்று வருஷமாகத் தேயிலை ஃபாக்டரி வாசனையே பழகின மூக்கு எங்களுக்கு. அணைத் தண்ணீரில் மூழ்கிச் செத்த மரங்கள் கிளையோடு அப்படியே நின்றன. வாச்சர் காக்கிச் சட்டையும் கைலியும் கட்டிய வயசானவர், மலையாளத்தில், சத்தம் போடாமல் ஏறினால் வள்ளத்தில் கூட்டிப் போகிறேன் என்றார். மற்றவர்கள் மரநிழலில் ஜமுக்காளம் விரித்துச் சீட்டுக் கட்டைப் பிரித்தார்கள். நாங்கள் நாலு பேர் மட்டும் ஏறினோம்.

வள்ளம் போகப்போகத் தாராக்கள் எழுந்து எழுந்து தள்ளி உட்கார்ந்தன. இலைக்கோழி ஒன்று ஆம்பல் இலைமேல் நீளவிரல் வைத்து நடந்தது. இலை நனையக்கூட இல்லை. அம்மா முனகியபடி எழுதிக்கொண்டே வந்தாள். பிறகு வாச்சர் துடுப்பை நிறுத்தி, மோவாயால் காட்டினார். பட்டமரம் ஒன்றில், கொடியில் காயப்போட்ட கறுப்புத் துணி மாதிரி, வரிசையாகச் சிறகு விரித்து நின்றன. இன்னொன்று தண்ணீருக்குள் உடம்பை மறைத்துக் கழுத்தை மட்டும் நீட்டி நீந்தியது. பாம்பு என்றுதான் அக்கா பயந்தாள்.

அம்மா ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பைனாகுலரை இறக்கினபோது கண்ணைச் சுற்றி வட்டமாகக் கிரீஸ் அப்பியிருந்தது.

"அவ சொன்னதுதான் சரி" என்றாள்.

"எவ?" என்றார் அப்பா.

"என் தங்கை. அன்னிக்கிப் பாறைமேல நின்னது நீர்க்காக்கை இல்லை. அந்தக் கழுத்து இப்பவும் கண்ணுல நிக்கறது. தெரிஞ்சேதான் இத்தனை வருஷம் சாதிச்சேன் போல இருக்கு."

புத்தகத்தை மடியில் வைத்து, போன பக்கத்தில் நீர்க்காக்கைக்கு நேரே அந்தப் பாறைப் பறவையையும் சேர்த்து 4 என்றிருந்ததை இந்தப் பக்கத்தில் 3 ஆக்கினாள். சேரக்கோழிக்கு நேரே 0 என்றிருந்ததை 1 ஆக்கினாள். எண்ணிப் பார்த்து 14 எழுதினாள். வித்தியாசத்தில் மட்டும் பேனாவை எடுத்துவிட்டாள்.

"இதை நான் போடமாட்டேன். லீவுல அவ வரட்டும். இந்தப் பக்கத்தைக் காமிச்சு அவ கையாலேயே போட வெக்கணும். ஜெயிச்சவ போடட்டும்."

அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். செய்தது சரிதான் என்று அவர் நிச்சயமாக நினைத்த கடைசிக் கணம் அதுவாக இருக்கும்.

வீடு திரும்ப ஆறு மணி. அப்பா எல்லாவற்றையும் திட்டம் போட்டு வைத்திருந்தார். அண்டாவில் வெந்நீர் போடச் சொன்னார். அம்மா உள்ளே விளக்கேற்றப் போனபோது கொல்லைக்குப் போய்க் கொட்டகையிலிருந்து கடிதத்தை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வீட்டைச் சுற்றி வந்து வாசல் கேட்டுக்கு வெளியே நின்றார். அப்புறம்தான் எங்களைக் கூப்பிட்டார். பெரியப்பா கடிதம் என்றோ எங்கே இருந்தது என்றோ எதையும் சொல்லவில்லை. பிரித்துப் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். கடிதத்தை அம்மாவிடம் நீட்டினார்.

சித்தி குடியிருந்த வீட்டு மாமி எழுதியது. தேதி 20.1.76. அது இப்போது என்னிடம் இருக்கிறது. சாவுக் கடிதம் இல்லையாகையால் யாரும் கிழிக்கவில்லை. "உங்கள் மச்சினிக்கு மஞ்சக்காமாலை முத்திப்போய் நேற்றுத் திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். தந்தி அடித்தால் அக்கா பயந்துபோவாள், லெட்டர் போட்டால் போதும் என்று அவள்தான் சொன்னாள். அக்காவைப் பார்க்க வேணும் என்கிறாள். இது கண்டதும் அனுப்பி வைக்கவும்."

அம்மா படித்து முடித்தாள். அழவில்லை. காகிதத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில், "கொட்டகைல பனி சொட்டுமே. எழுத்துக் கலையாம இருக்கே" என்றாள். உள்ளே போய்ப் பையில் புடவை எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

அன்றைக்கு அதற்குமேல் மலையிறங்க வண்டி கிடையாது. மறுநாள் குடியரசு தினம். முதல் பஸ்ஸில் அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் கிளம்பினோம். அக்காவை ஸ்டோர் மாமா வீட்டில் விட்டோம். முந்தின நாள் போன அதே பாதை, அதே வளைவுகள். அடிமாலியில் அதே டீக்கடை எதிரில் பஸ் நின்றது. சதுப்புக்குப் பிரிகிற ரோடு வந்தபோது நான் அம்மாவைப் பார்த்தேன். முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஆலுவாயில் ரயில் பிடித்து ஒலவக்கோட்டில் இறங்கிக் கல்பாத்தி போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மாமி வீட்டு வாசலில் கோலம் இல்லை. அம்மா தெருவிலேயே நின்றுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குச் சித்தி போய்விட்டாள். சாயங்காலமே எல்லாம் முடிந்துவிட்டது. தூரத்து உறவில் ஒரு மாமா கொள்ளி வைத்தாராம். மாமி அன்று அடித்த தந்தி நாங்கள் கிளம்பிப் போன பிறகு, திங்கட்கிழமை மத்தியானம் அக்கா கைக்குப் போயிருக்கிறது.

மாமிக்கு எங்கள் மேல் கோபம். அதை மறைக்க அவளுக்குத் தெரியவில்லை. சனிக்கிழமை வரைக்கும் நினைவு இருந்ததாம். வார்டுக் கதவு திறக்கும் போதெல்லாம், "வந்தாச்சா மாமி?" என்று கேட்டாளாம். வியாழக்கிழமை கிடைத்திருக்குமே, வெள்ளிக்கிழமை வந்திருக்கலாமே என்று மாமி விரல் விட்டுக் கணக்குச் சொன்னாள். தலையணைக்கு அடியில் இருந்தது என்று ஒரு கார்டை எடுத்துக் கொடுத்தாள். சித்தியின் கையெழுத்து, கோணல்மாணலாக. இரண்டே வரி. "அக்கா, இந்த ஜன்னலில் காக்கை மட்டும்தான். 11. ஒண்ணுகூட நீர்க்காக்கை இல்லை, சண்டைக்கு வராதே." அம்மா அதை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு அந்தக் கார்டை நான் பார்க்கவே இல்லை. அவள் பெட்டி, அலமாரி, சுவாமி படங்களின் பின்பக்கம், எல்லா இடத்திலும் தேடிவிட்டேன்.

நாங்கள் மாமி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, கம்பை ஊன்றிக்கொண்டு, ஒரு பையன் தோளைப் பிடித்தபடி அப்பாவின் பெரியப்பா துக்கம் விசாரிக்க வந்தார். கொஞ்சம் தேறியிருந்தார். "சின்னவ போயிட்டாளேடா, நான் இருக்கேனே" என்றார். அப்பா எழுந்து அவர் காலில் நமஸ்காரம் பண்ணினார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. துக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் அதற்கப்புறம் இரண்டு வருஷம் இருந்தார்.

மூலையில் இருந்த அந்தக் கறுப்பு, மையே இல்லை. வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் இன்றும் தெரியும், கட்டைவிரல் ரேகை. ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டே அடுப்படியில் உட்கார்ந்து மாமி எழுதியிருக்கிறாள். கரிக்கையாலேயே கடிதத்தை ஒட்டியிருக்கிறாள்.

பைனாகுலரை அப்பா செவ்வாய்க்கிழமையோ புதன்கிழமையோ திருப்பிக் கொடுத்தார். அந்தத் தேதி எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு எந்தக் கடிதம் வந்தாலும் தபால்காரர் நகர்வதற்குள் கேட்டிலேயே கிழித்துப் படிப்பார். கல்யாணப் பத்திரிகையைக்கூட அப்படித்தான். அம்மா சமையலறை ஜன்னலின் கீழ்க்கதவை நிரந்தரமாகச் சாத்தி, மேலே சாமான் அடுக்கினாள். ஆனால் அப்பாவை ஒரு வார்த்தை சொன்னதில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் சேர்ந்து இருந்தார்கள், ஒரு கோபத்தில்கூட, ஒரு காய்ச்சலில்கூடச் சொன்னதில்லை. உறவுக்காரர்கள் அதை அம்மாவின் பெருந்தன்மை என்றார்கள். நானும் வெகுநாள் அப்படியே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

2009இல் அம்மாவும் போன பிறகு மீட்டர் புத்தகம் என் கைக்கு வந்தது. கடைசிப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம்தான், அவள் வாசலில் சொன்னது மறுபடி காதில் விழுந்தது. கொட்டகையில் பனி சொட்டும் என்று சொன்னாள். கடிதம் கொட்டகையில் இருந்தது என்று அவளுக்கு யார் சொன்னது? நான் சொல்லவில்லை. அக்காவுக்குத் தெரியாது. அப்பா சட்டைப்பையிலிருந்து எடுத்ததைத்தான் அவள் பார்த்தாள். அப்பா ஒருநாளும் விறகு எடுக்கப் போனவர் இல்லை. யார் தினமும் இரண்டு வேளை அங்கே போய்க் கை நீட்டுகிறவள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அப்படியானால் அவளும் வியாழனோ வெள்ளியோ அதைப் பார்த்திருக்கிறாள். கறுப்பு மூலையைப் பார்த்து, பெரியப்பா என்றே அவளும் நினைத்து, இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு வந்து மிளகாய்ப்பொடி இடித்திருக்கிறாள். அப்பாவுக்காக அவளும், அவளுக்காக அப்பாவும். ஒரு சேரக்கோழிக்காக.

அல்லது விளக்கேற்றப் போனபோது சமையலறை ஜன்னல் வழியாக, அப்பா கொட்டகையில் கைவிடுவதைப் பார்த்திருக்கலாம். அதற்கும் இடமுண்டு. அந்த ஜன்னல் அந்தப் பக்கம்தான்.

போன மாதம் அக்காவிடம் ஃபோனில் கேட்டேன். "அம்மா அன்னிக்கு வாயே தெறக்கலைடி. லெட்டரைப் படிச்சா, உள்ளே போனா. நீ எதையாவது சேத்துக்காதே" என்றாள். அக்காவுக்கு ஞாபகசக்தி என்னைவிட நல்லது. அப்பா இல்லை, ஸ்டோர் மாமா இல்லை, குவார்ட்டர்ஸ் இடிந்து அந்த இடத்தில் வேறு கட்டடம் நிற்கிறது. அன்றைக்கே நான் எதையும் எழுதி வைக்கவில்லை. ஆகவே இந்தக் குறிப்பில் மற்றத் தேதிகளையும் நேரங்களையும் கடிதத்தோடும் தந்தியோடும் ஒத்துப் பார்த்திருக்கிறேன். அம்மா அந்த வாக்கியத்தைச் சொன்னாளா என்பதை மட்டும் சரிபார்க்க முடியவில்லை. வித்தியாசம் என்ற பத்தியில் நானும் எதுவும் எழுதவில்லை.